அழகர்மலையும் இஸ்கந்தரிய்யாவும்

கடற்பயணம் உல்லாசத்திற்கு உரியதாகிவிட்ட காலம் இது. மத்தியதரைக் கடலில் பெருங்கப்பல்கள் நாளொரு துறைமுகமாகச் சென்று திரும்புகின்றன. உம்ராவை நிறைவேற்றியபின் எகிப்தையும் பார்த்துவர விரும்பும் தமிழ் முஸ்லிம்களில் வசதி படைத்தோர்க்கு அத்தகைய பயணம் இன்று எட்டாத ஒன்றன்று. அவ்வழியில் அமையும் துறைமுகங்களுள் பழமையும் புகழும் மிக்கது, அலெக்சாந்திரியா என்று உலகம் அழைக்கும் இஸ்கந்தரிய்யா. கப்பல் அங்கே நிற்பது பெரும்பாலும் ஒரு பகற்பொழுதுதான். வந்திறங்குவோரில் பலர் பேருந்தேறி, 200 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள பிரமிடுகளைக் காணச் சென்றுவிடுகின்றனர். எஞ்சியோர் கோட்டையையும் பழந்தூணையும் 2002இல் திறக்கப்பெற்ற புதிய நூலகத்தையும் படமெடுத்துக்கொண்டு மாலைக்குள் கப்பலுக்குத் திரும்புகின்றனர்.

மதுரைச் சீமையிலிருந்து செல்லும் ஒருவர் அந்நகரில் எதைக் காண வேண்டும்? இவ்வினாவுக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம். அவ்விடையின் முதற்பகுதி எகிப்தில் கிடைப்பதன்று. மதுரைக்கு வடக்கே சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில், அழகர்கோவில் அமைந்துள்ள மலையிலேயே அது பொறிக்கப்பட்டிருக்கிறது.

மலைக்குகையில் வணிகர் பெயர்கள்

அழகர்கோவிலுக்குச் செல்வோர் கோட்டை மதிலையும் திருமால் ஆலயத்தையும் மலைமேல் சோலையையும் சுனையையும் கண்டு திரும்புவர். அம்மலையின் மற்றொரு பக்கத்தில், கிடாரிப்பட்டி என்னும் ஊரையொட்டி, இயற்கையாய் அமைந்த குகையொன்று உண்டு. அதில் சமணத் துறவியர் தங்குவதற்கென வெட்டப்பட்ட கற்படுக்கைகளும், அவற்றுக்குக் கொடையளித்தோரின் பெயர்களைத் தாங்கிய தமிழி எழுத்துக் கல்வெட்டுகளும் உள்ளன. அவற்றைக் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் கி.மு. முதல் நூற்றாண்டைச் சார்ந்தவையாகக் கணித்தார்.

அக்கொடையாளர் வரிசையில் மதுரையைச் சேர்ந்த பொற்கொல்லர் இருக்கிறார். உப்பு வணிகர் இருக்கிறார். பாணிதம் எனப்படும் வெல்லப்பாகு விற்பவர் இருக்கிறார். கொழு வணிகர், அதாவது ஏர்க்கொழு விற்பவர், இருக்கிறார். அறுவை வணிகரும், அதாவது துணி வணிகரும், இருக்கிறார். மதுரை என்னும் பெயர் 'மத்திரை' என்ற வடிவில் அங்கே காணப்படுகிறது.

இவர்கள் கடல் கடந்தவர்கள் என்று கல்வெட்டு கூறவில்லை. ஆயினும் துணியும் பொன்னும் இரும்பும் தனித்தனி வணிகராற் கையாளப்பட்ட ஒரு நகரச் சந்தையை அவர்களது பெயர்கள் நம் கண்முன் நிறுத்துகின்றன. அச்சந்தையின் கடல்வாயில் வைகையின் முகத்துவாரத்தில் இருந்தது. இராமநாதபுரம் மாவட்டத்து அழகன்குளத்தில் 1986 முதல் நிகழ்ந்த அகழாய்வுகளில் உரோமானிய மதுச்சாடிகளின் உடைசல்களும், உரோமானிய நாணயங்களும், கப்பலின் உருவம் கீறப்பட்ட பானையோடும் கிடைத்துள்ளன. பாண்டிய நாட்டுக் கொற்கையின் முத்துக்குளிப்பைக் கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதப்பெற்ற 'எரித்ரியக் கடலின் பெரிப்ளஸ்' என்ற கிரேக்க வழிகாட்டி நூல் குறிப்பிடுகிறது.

பானையோடும் பாப்பிரசும்

இக்கரையிலிருந்து சென்ற சரக்கு அரபிக்கடலைக் கடந்து செங்கடலின் எகிப்தியக் கரையை அடைந்தது. அங்கே மயோஸ் ஹோர்மோஸ், பெரனிகே என இரு துறைமுகங்கள் இருந்தன. மயோஸ் ஹோர்மோஸிலிருந்து ஆண்டுக்கு 120 கப்பல்கள் வரை இந்தியாவுக்குச் சென்றதாக ஸ்ட்ராபோ எழுதுகிறார். இவ்விரு துறைகளிலும் நடந்த அகழாய்வுகளில் தமிழ்ப் பெயர்கள் கீறப்பட்ட பானையோடுகள் வெளிப்பட்டன. மயோஸ் ஹோர்மோஸ் இருந்த குசைர் அல்கதீமில் கண்ணன், சாத்தன் என்னும் பெயர்கள் கிடைத்தன. பெரனிகேயில் 'கொற்பூமான்' என்னும் பெயர் கிடைத்தது. அவ்வூர்க் கோயிலொன்றில், இந்தியாவில் வனைந்த பெருஞ்சாடிக்குள் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே இருந்தது.

அச்சரக்கு பாலைவனத்தை ஒட்டகங்களில் கடந்து, நைல் நதியில் படகேறி, இஸ்கந்தரிய்யாவின் பண்டகசாலையை அடைந்தது. இதனை நாம் ஊகித்து உரைக்க வேண்டியதில்லை. வியன்னாவிலுள்ள ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் பாதுகாக்கப்படும் கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் பாப்பிரஸ் ஆவணமொன்று இவ்வழியை அடி அடியாகக் கூறுகிறது. 1985இல் பதிப்பிக்கப்பெற்ற அவ்வாவணம் சேரநாட்டு முசிறிப் பயணத்துக்கான கடன் தொடர்பானது. இஸ்கந்தரிய்யாவில் நாலில் ஒரு பங்கு சுங்கமாகச் செலுத்தப்பட வேண்டும் என்பதும், 'ஹெர்மாபொலோன்' என்னும் ஒரே கப்பலில் வந்த சரக்கின் மதிப்பு ஏறத்தாழ 70 இலட்சம் செஸ்டர்ஸ் என்பதும் அதனால் தெரியவருகின்றன. முசிறிக்குச் சென்ற பணம் இஸ்கந்தரிய்யாவில் கணக்கு முடிக்கப்பட்டது என்றால், கொற்கை முத்தும் மதுரைத் துணியும் அதே சந்தையை நாடியிருக்கும் எனக் கொள்வதில் தடையேதும் இல்லை.

அன்றைய பயணிகளும் வணிகத்தோடு நின்றுவிடவில்லை. நைல் கரையிலுள்ள அரசர் பள்ளத்தாக்கின் பண்டைய கல்லறைகளில் இந்தியப் பயணிகள் விட்டுச்சென்ற எழுத்துகளை அறிஞர் இங்கோ ஸ்ட்ராக், ஷார்லட் ஷ்மிட் ஆகியோர் இனங்கண்டு 2026இல் சென்னையில் அறிவித்தனர். அவற்றுள் 'சிகை கொற்றன்' என்னும் தமிழ்ப் பெயர் பல கல்லறைகளில் மீண்டும் மீண்டும் காணப்படுகிறது. அவன் வந்தான், கண்டான் என்பதே அவ்வெழுத்தின் செய்தி. கப்பலில் சென்று காட்சி கண்டு பெயர் எழுதிவைத்த தமிழன், இன்றைய உல்லாசப் பயணிக்கு ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டு மூத்தவன்.

அரபியரின் காலத்தில் அதே வழி

ஹிஜ்ரி 20ஆம் ஆண்டையொட்டி, கி.பி. 641-642இல், அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களின் தலைமையில் இஸ்கந்தரிய்யா முஸ்லிம்களின் ஆட்சிக்கு வந்தது. அந்நகரின் பழைய நூலகம் அப்போது எரிக்கப்பட்டதாகச் சொல்லப்படும் கதை இன்றும் பயண வழிகாட்டிகள் சிலரால் திருப்பிச் சொல்லப்படுகிறது. அக்கதை முதன்முதலில் எழுத்தில் தோன்றுவது ஐந்து நூற்றாண்டுகளுக்கும் பிந்திய நூல்களில்தான். வெற்றியின் காலத்துக்கு அண்மையில் எழுதிய எந்த ஆசிரியரும், கிறித்தவ ஆசிரியர் உட்பட, அதனை அறியார். பழைய நூலகம் அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே படிப்படியாக அழிந்துபோயிருந்தது என்பதே இன்றைய ஆய்வாளர்களின் முடிபு. ஒரு நகரின் வரலாற்றைத் தீயும் வாளுமாகச் சுருக்கிவிடுவது எவ்வளவு எளிது என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு. இத்தகைய சுருக்கத்தை மதுரையின் வரலாற்றிலும் நாம் காணப்போகிறோம்.

உண்மையில் அங்கே தொடர்ந்தது வணிகமே. தமிழ்ப் பெயர்கள் கிடைத்த அதே குசைர் துறைமுகம் அய்யூபிகள், மம்லூக்குகள் காலத்தில் மீண்டும் உயிர்பெற்றது. அங்கே ஒரு வணிகர் வீட்டின் இடிபாடுகளில் 13ஆம் நூற்றாண்டு அரபுக் கடிதங்கள் கிடைத்துள்ளன. அபூ முஃபர்ரிஜ் என்னும் வணிகருக்கு வந்த அச்சீட்டுகள் தானியத்தையும் சரக்கையும் பாக்கியையும் பேசுகின்றன. சாயமிட்ட இந்தியப் பருத்தித் துணிகளும், பெரும்பாலும் குஜராத்தில் நெய்தவை, அவ்விடத்தில் அகப்பட்டன. செங்கடல் துறைகளில் இறங்கி நைல் வழியே சென்ற மிளகையும் வாசனைப் பொருள்களையும் காரிமி எனப்படும் முஸ்லிம் வணிகர் கூட்டம் இஸ்கந்தரிய்யாவில் வெனிஸ், ஜெனோவா வணிகருக்கு விற்றது.

அக்காலத்தில் நம் கரையின் பெருந்துறை காயல். 1290களில் இங்கு வந்த மார்க்கோ போலோ அதன் வளத்தைப் புகழ்கிறார். பாண்டிய நாட்டை அரபியர் மஅபர் என்றழைத்தனர். கடப்பிடம், கடந்துசெல்லும் துறை என்பது அதன் பொருள். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃபின் கூற்றுப்படி, தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் என்னும் முஸ்லிம், பாண்டியரின் அமைச்சராக இருந்தார். பத்தன், மலிபத்தன், காயல் ஆகிய துறைமுகங்கள் அவரது பொறுப்பில் இருந்தன. கைஸ் தீவின் அதிபரான ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1,400 குதிரைகளைப் பாண்டியருக்கு அனுப்ப உடன்பட்டிருந்தார். குதிரையொன்றின் விலை 220 செம்பொன் தீனார்.

பொதுவாக எழுதப்படும் மதுரை வரலாற்றில் முஸ்லிம்கள் 1311இல் மாலிக் காஃபூரின் படையோடு உள்ளே நுழைகின்றனர். 1378இல் மதுரைச் சுல்தானியம் விசயநகரத்திடம் வீழ்ந்ததும் மறைந்துவிடுகின்றனர். தகியுத்தீன் அப்படைக்கு முன்பே பாண்டியரின் அவையில் இருந்தவர். படைவீரராக வராமல் வணிகராகவும் அலுவலராகவும் வந்து, மண்ணின் மன்னருக்கு உண்மையாயிருந்தவர்களின் வரலாற்றைச் சிம்மாசனக் கணக்கு விழுங்கிவிடுகிறது.

இரு நகரங்களையும் கண்ட ஒருவர்

இஸ்கந்தரிய்யா, மதுரை இரண்டையும் தம் கண்களால் கண்டு, இரண்டையும் ஒரே நூலில் எழுதிவைத்தவர் தஞ்சாவைச் சேர்ந்த இப்னு பதூதா (ரஹ்). அவர் ஹிஜ்ரி 726 ஜமாதுல் அவ்வல் முதல் நாளில், அதாவது 1326 ஏப்ரல் 5ஆம் நாள், இஸ்கந்தரிய்யாவை அடைந்தார். அப்போது அவருக்கு வயது 22. உலகப் புகழ்பெற்ற கலங்கரை விளக்கின் ஒரு பக்கம் இடிந்திருந்ததைக் கண்டார். 1349இல் திரும்பி வந்தபோது, உள்ளே நுழையவே இயலாதவாறு அது சிதைந்திருந்தது. அவ்விடத்தில்தான் 1477இல் சுல்தான் காயித்பே கோட்டை கட்டத் தொடங்கினார். இன்றைய பயணிகள் படமெடுக்கும் கோட்டை அதுவே.

அந்நகரின் துறைமுகத்தைப் புகழும்போது அவர் கூறும் ஒப்பீடு நம் கருத்துக்குரியது. உலகில் அதற்கு இணையாகத் தாம் கண்டவை இந்தியாவின் கொல்லமும் கோழிக்கோடும், கிரிமியாவின் சூதாக்கும், சீனத்தின் ஸைத்தூனும் மட்டுமே என்கிறார். மத்தியதரைக் கடலின் பெருந்துறையை அளப்பதற்கு அவர் எடுத்த அளவுகோல்களுள் இரண்டு நம் தென்னாட்டைச் சேர்ந்தவை.

அந்நகரில் புர்ஹானுத்தீன் அல்அஃரஜ் என்னும் பெரியார் அவரைக் கண்டு, நீர் இந்தியாவிலும் சிந்துவிலும் சீனத்திலும் உள்ள என் சகோதரர்களைக் காண்பீர், அவர்களுக்கு என் ஸலாமைச் சேர்ப்பியும் என்றார். அதுவரை அத்துணைத் தொலைவு செல்லும் எண்ணமே இளைஞர் இப்னு பதூதாவுக்கு இருந்ததில்லை. கிழக்கை நோக்கிய அப்பயணத்தின் வித்து இஸ்கந்தரிய்யாவில் விழுந்தது.

பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1344இல், இலங்கையிலிருந்து மஅபருக்குப் புறப்பட்ட அவரது கப்பல் நம் கரைக்கு அருகே சிதைந்தது. இரவு முழுதும் உடைந்த கப்பலின் பின்புறத்தில் அமர்ந்திருந்தவரை, விடிந்ததும் படகில் வந்த அவ்வூர் மக்கள் கரைசேர்த்தனர். அவர்கள் முஸ்லிம்கள் அல்லர். முலாம்பழம் போன்றதும், பஞ்சுபோன்ற நாருக்குள் தேன்போலும் சாறுடையதுமான ஒரு கனியை அவருக்கு அளித்தனர். அவரது வருணனையிலிருந்து அது பனம்பழம் என்று நாம் உடனே அறிந்துகொள்கிறோம்.

மதுரையை அப்போது ஆண்டவர் சுல்தான் கியாதுத்தீன். இப்னு பதூதாவின் மனைவியும் சுல்தானின் மனைவியும் உடன்பிறந்தோர். இருவரும் மதுரைச் சுல்தானியத்தை நிறுவிய ஷரீஃப் ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷாஹின் புதல்வியர். உறவும் விருந்தும் இருந்தும் இப்னு பதூதா உண்மையை மறைக்கவில்லை. காட்டில் பிடிபட்ட இந்துக் குடிமக்களை, பெண்களையும் குழந்தைகளையும் விடாமல், சுல்தான் கொன்றதை அவர் பதிவுசெய்கிறார். வேறெந்த மன்னரிடமும் தாம் காணாத கொடுமை என்றும், அதனாலேயே அல்லாஹ் அவருடைய முடிவை விரைவுபடுத்தினான் என்றும் எழுதுகிறார்.

இப்பகுதியை நம்மவர் சிலர் மறைத்து எழுதுகின்றனர். வேறு சிலர் இதை மட்டுமே எடுத்துக்காட்டி எழுதுகின்றனர். இரண்டும் நேர்மையன்று. கொடுமையைப் பதிவுசெய்தவர் ஒரு முஸ்லிம் காஜி. அதை வன்மையாகக் கண்டித்தவரும் அவரே. அவரைக் கடலிலிருந்து மீட்டவர்கள் அதே நாட்டின் இந்துக் குடிமக்கள். சுல்தானைப் பற்றிய பக்கத்தைப் படிப்பவர் படகைப் பற்றிய வரிகளையும் படித்தாக வேண்டும்.

மதுரை அகன்ற தெருக்களையுடைய பெருநகராய் இருந்ததையும், கொள்ளைநோயொன்று இரண்டு மூன்று நாள்களில் மக்களைக் கொன்றதையும் அவர் கூறுகிறார். தமக்கும் காய்ச்சல் கண்டபோது, அங்கே மிகுதியாய்க் கிடைத்த புளியைக் கரைத்துக் குடித்து நலம்பெற்றதாக எழுதுகிறார். சுல்தானும் அவருடைய தாயும் மகனும் அந்நாள்களில் இறந்தனர். நான்காண்டுகளுக்குப்பின் அவர் எகிப்துக்குத் திரும்பியபோது இஸ்கந்தரிய்யாவைப் பெரும் கொள்ளைநோய் வாட்டியிருந்தது. அங்கே ஒரு நாளைய மரணம் 1,080 வரை எட்டியிருந்ததாக அவர் கேட்டறிந்தார்.

கடலோடிகளின் விர்து

இஸ்கந்தரிய்யாவில் அவர் கண்ட மற்றொருவர் யாகூத் அல்ஹபஷி (ரஹ்). இவர் அபுல் அப்பாஸ் அல்முர்ஸி (ரஹ்) அவர்களின் மாணவர். முர்ஸி அவர்களோ ஷாதுலிய்யா தரீக்காவின் நிறுவனர் அபுல் ஹஸன் அலிய்யுஷ் ஷாதுலி (ரஹ்) அவர்களின் கலீஃபா. ஷாதுலி நாயகம் ஹிஜ்ரி 656இல், கி.பி. 1258இல், ஹஜ்ஜுக்குச் செல்லும் வழியில் எகிப்தின் கிழக்குப் பாலையிலுள்ள ஹுமைதராவில் மறைந்த செய்தியை யாகூத் அவர்கள் வாயிலாகவே இப்னு பதூதா கேட்டறிந்தார். அவ்வடக்கத்தலத்தைப் பின்னர் நேரிலும் கண்டார். கடற்பயணத்தில் ஷாதுலி நாயகம் ஓதிவந்த 'ஹிஸ்புல் பஹ்ர்' என்னும் விர்தைத் தமது பயணநூலில் முழுமையாக எழுதிவைத்தார்.

முர்ஸி அவர்கள் இஸ்கந்தரிய்யாவிலேயே அடங்கியுள்ளார்கள். அவ்விடத்தில் இன்று நிற்கும் பெரும் பள்ளிவாசல் 20ஆம் நூற்றாண்டில் மரியோ ரொஸ்ஸி என்னும் இத்தாலியக் கட்டடக்கலைஞரின் வடிவமைப்பில் எழுந்தது. அதன் அருகே மற்றொரு பள்ளிவாசல் உண்டு. அது இமாம் பூஸீரி (ரஹ்) அவர்களுக்குரியது. முர்ஸி அவர்களின் முரீதாகிய பூஸீரி இயற்றிய கஸீதத்துல் புர்தாவை அறியாத தமிழ் முஸ்லிம் ஊர் உண்டா? பொருள் தெரிந்தும் தெரியாமலும் நம் பாட்டிமார் இராகத்தோடு ஓதிய பாடல், இஸ்கந்தரிய்யாவின் ஆன்மிகச் சூழலில் வாழ்ந்த ஒருவருடையது.

ஷாதுலிய்யா நெறி மக்காவில் வாழ்ந்து 1872இல் மறைந்த ஷெய்கு முஹம்மது அல்ஃபாஸி (ரஹ்) அவர்களின் கிளைவழியாகக் காயல்பட்டினத்திலும் இலங்கையிலும் வேரூன்றியது. மதுரைக் காஜிமார் தெருப் பெரிய பள்ளிவாசலைச் சூழ்ந்து வாழ்வோரிலும் அந்நெறியினர் பலர் உள்ளனர். அழகர்மலை வணிகரின் காலத்தில் சரக்கு சென்ற அதே கடல்வழியின் மறுதலையாக, இஸ்கந்தரிய்யாவின் திக்ரும் விர்தும் மதுரைக்கு வந்து சேர்ந்தன. எந்தப் படையும் அவற்றைச் சுமந்து வரவில்லை.

நம்முன் உள்ள பணி

இஸ்கந்தரிய்யாவுக்குச் செல்லும் மதுரைக்காரர் ஒரு பகற்பொழுதில் என்ன செய்யலாம் என்பதற்கு இனி விடை கூறலாம். பிரமிடுகளுக்கான பேருந்தை விட்டுவிட்டு, முர்ஸி பள்ளிவாசலிலும் பூஸீரி பள்ளிவாசலிலும் ஓர் ஒருமணி நேரம் அமர்ந்திருக்கலாம். காயித்பே கோட்டையின் மதிலில் நின்று, கொற்கை முத்து கரையேறிய துறை இது என்று எண்ணிப் பார்க்கலாம். புறப்படுவதற்கு முன், தம் ஊரருகே கிடாரிப்பட்டிக் குகைக்கும் ஒருமுறை சென்று வந்திருந்தால் அந்த எண்ணம் இன்னும் தெளிவு பெறும்.

ஆனால் காண்பதைவிடப் பெரிய கடமையொன்று நமக்குண்டு. இஸ்கந்தரிய்யாவோடு இருந்த உறவுக்கு நாம் காட்டிய சான்றுகளில் பெரும்பாலானவை அவர்கள் கரையில் கிடைத்தவை. பாப்பிரஸ் அங்கே கிடைத்தது. அபூ முஃபர்ரிஜின் சீட்டுகள் அங்கே கிடைத்தன. மதுரையைப் பற்றிய நேரடிச் சாட்சியம் மொரோக்கோவில் எழுதப்பெற்றது. எகிப்தின் வறண்ட மணல் காகிதத்தைக் காத்தது. நம் கரையின் ஈரமும் கறையானும் காப்பதில்லை. நம் முன்னோரின் அரபுத்தமிழ்க் கித்தாபுகளும், மரக்கலக் கணக்கேடுகளும், வக்ஃபுப் பத்திரங்களும், ஜாவியாக்களின் ஸில்ஸிலா ஏடுகளும் இன்னும் பல வீடுகளின் பரண்களில் கிடக்கின்றன. வீடு இடித்துக் கட்டப்படும்போது அவை பழங்காகிதமாக வெளியேறுவதை நாம் அறிவோம். ஓதத் தகுதியற்றுப்போன ஏடு என்று கருதி, மரியாதையோடு கடலிலும் கிணற்றிலும் விடப்பட்டவையும் உண்டு.

தமிழ் முஸ்லிம்கள் இம்மண்ணுக்கு எப்படி வந்தனர், எவரோடு வாழ்ந்தனர் என்னும் வினா இன்று வெறும் ஏட்டு வினாவாக இல்லை. அதற்குப் படையெடுப்பை மட்டும் விடையாகச் சொல்வோர் பெருகிவரும் நாளில், மறுமொழி முழக்கங்களில் இல்லை; கணக்கேடுகளில் இருக்கிறது. உப்பும் துணியும் விற்றவர்கள் தம் பெயரைக் குகைப்பாறையில் வெட்டிவைத்ததால்தான் மதுரைச் சந்தையை இன்று நாம் அறிகிறோம். ஒவ்வொரு மஹல்லாவும் தன் எல்லைக்குள் உள்ள பழைய ஏடுகளைப் பட்டியலிட்டு, பக்கம் பக்கமாகப் படமெடுத்து, ஒரு படியைப் பள்ளிவாசலிலும் மறு படியை ஏதேனும் ஒரு பொது நூலகத்திலும் வைத்துவிடலாம். இதற்குப் பெருஞ்செல்வம் தேவையில்லை. எழுத்தறிந்த இளைஞர் இருவரும், ஓராண்டுக் காலமும், பெரியவர்களின் அனுமதியும் போதும்.